சுவர் வரை

"சுவத்துல யாருடா கிறுக்கினது?"

மிஸ் போட்ட கூச்சலில் இரண்டாம் வகுப்பு கப்சிப் ஆனது. நேற்றுத்தான் வெள்ளையடித்த சுவர். அதில் சிவப்பு கிரேயானில் வரிசை வரிசையாகச் செங்கல்!

"நான்தான் மிஸ். நான்தானே ரோபோ?" என்றான் ஓட்டைப்பல் பையன் ஒருவன்.

கம்ப்யூட்டர் புரோகிராமை விளையாட்டாகச் சொல்லித்தர மிஸ்ஸே யோசித்து வைத்த ஆட்டம் அது. பிள்ளைகள் அட்டைகளை அடுக்கவேண்டும். அட்டையில் இருப்பதை ரோபோ அப்படியே செய்யவேண்டும்.

"சுவர் வரை நடக்கச் சொன்னா, படமாடா போடுவே?"

"முதல் அட்டையில 'சுவர் வரை'ன்னுதான் இருக்கு. வரைஞ்சுட்டேன். 'நட' அடுத்த அட்டை மிஸ்."

சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பார்கள். இந்தப் படுபாவி சுவரை வைத்துச் சுவரையே வரைந்திருக்கிறான்!

மிஸ்ஸுக்கு ரத்தம் கொதித்தது. கொதிக்காதா பின்னே? பத்து நிமிடத்தில் தலைமையாசிரியை வந்துவிடுவார். 'பிள்ளைங்க சொந்தமா ஒரு புரோகிராமாவது எழுதியிருக்கணும். இல்லேன்னா இந்த வகுப்பும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்' என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

"மசமசன்னு நிக்காதே! எல்லாத்தையும் அழி!"

ரோபோ டஸ்டரை எடுத்தான். நேராகக் கரும்பலகைக்குப் போனான். காலையிலிருந்து மிஸ் கை வலிக்க எழுதிய பாடம் மொத்தமும் போயிற்று.

மிஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, அதை இல்லடா! செங்கலை!"

"'எல்லாத்தையும்'னு சொன்னீங்களே மிஸ். செங்கல் அடுத்து."

"எதிர்த்தா பேசறே? இன்னும் என்ன பாக்கி? வாங்கடா, எல்லாரும் என் தலை மேல ஏறி உக்காருங்க!"

இருபது நாற்காலிகள் ஒரே நேரத்தில் கறகறவென்று இழுபட்டன.

"மிஸ், கொஞ்சம் குனியுங்க. எட்டலை."

தலைமையாசிரியை உள்ளே வந்தபோது ஓட்டைப்பல் நாற்காலி மேல் நின்று மிஸ்ஸின் கொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஆத்திரம் தாங்காமல் மிஸ் அழுதுகொண்டிருந்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு! இந்த லட்சணத்துல, பிள்ளைங்க ஒரு புரோகிராமாவது எழுதினாங்களா இல்லையா?"

முன்வரிசையில் இருந்த குட்டிப் பெண் ஒருத்தி நோட்டும் கையுமாக எழுந்தாள்.

"எழுதிட்டோம் மேடம்! சுவத்துல வரைஞ்சா கத்தணும், போர்டை அழிச்சா தலையில அடிச்சுக்கணும், தலை மேல ஏறினா அழணும். இதுல மிஸ்தான் ரோபோ மேடம், ஒரு தப்புகூடப் பண்ணலை!"