தோணித்து மாமாவின் கேசட் கடை

தமிழ்ப் படம் கேட்டுப் போனவர் கையில் பிரெஞ்சுப் புரட்சியைத் திணித்து அனுப்பும் வீடியோ கடைக்காரர், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் மட்டுமல்ல, இந்தப் பூமண்டலத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவருக்கும் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். தெருவில் எல்லோருக்கும் அவர் தோணித்து மாமா. கேசட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனால், "என்ன தோணித்து?" என்று கேட்பார். பதில் சொல்லாமல் கடையை விட்டு இறங்க முடியாது.

லஸ்ஸுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. டிஷ் ஆன்டெனா வந்த புதிதில் வெளிநாட்டு சானல்களில் வந்த சரித்திரம், அரசியல், விஞ்ஞானம், வாழ்க்கை என்று எல்லா டாக்குமெண்டரிகளையும் பதிவு செய்து அடுக்கி வைத்திருந்தார். சினிமா கேசட் எடுத்தால் இதில் ஒன்றையும் இனாமாக எடுத்துப் போக வேண்டும். யாருக்கு எது என்பதை வைத்தியர் நாடி பார்ப்பது மாதிரி அவரே முடிவு செய்வார். வீட்டில் மாமியார் மருமகள் தகராறா, பனிப்போர். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதா, பிரெஞ்சுப் புரட்சி. ரிடையர் ஆகப் போகிறவருக்கு டைனோசர்.

மற்ற கடைகளில் கேசட்டை முதலிலிருந்து ஓடும்படி சுற்றிக் கொடுக்காவிட்டால் திட்டுவார்கள். இவரிடம் சுற்றிக் கொடுத்தால்தான் திட்டு. எதுவரை பார்த்தோமோ அங்கேயே நிறுத்திக் கொடுக்க வேண்டும். கேசட்டை ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, உள்ளே டேப் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பார்ப்பார். "பேர் போடறதுக்குள்ளயே தூங்கிட்டேளே" என்பார். அநேகமாக அது சரியாகவே இருக்கும்.

பாங்க் மேனேஜர் ஒருவர் சாமர்த்தியமாக, பார்க்காமலே கடைசிவரை ஓடவிட்டு எடுத்து வந்தார்.

"யானை கடைசில என்னாச்சு ஸார்?" என்றார் மாமா.

"செத்துப்போயிடுத்து, பாவம். ஆத்துல எல்லாரும் அழுதுட்டோம்."

"அது நிலாவைப் பத்தின படம்."

மேனேஜர் அதன்பிறகு அந்தச் சந்து வழியாகப் போவதையே விட்டுவிட்டார்.

நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் அம்மா ஒருவர் வாராவாரம் சினிமா கேசட் எடுக்க வருவார். அவருக்கு மாமா சுறாமீன் படத்தைக் கொடுத்தனுப்பினார். திருப்பிக் கொண்டுவந்த அம்மா, "இன்னா நைனா, காத்தாலேர்ந்து மீன வித்துட்டு வூட்டுக்குப் போனா, டிவிக்குள்ளயும் மீன உட்டுக்கீறியே" என்றார். மாமாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஏதோ ஒன்று தோன்றியிருக்கிறதே. அடுத்த வாரம் அந்த அம்மாவுக்குச் சகாரா பாலைவனத்தைக் கொடுத்தார்.

எங்களுக்கெல்லாம் அவர் சிரிப்புக்கு ஆள். ஆனால் கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் அவர் தனியாகத்தான் இருந்தார். கல்யாணம் இல்லை, வந்துபோக உறவும் இல்லை. தான் ரசித்ததை ஒரு ஆத்மாவாவது முழுசாகப் பார்த்துவிட்டு வந்து தன்னோடு பேச வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. அது நடந்தபாடில்லை. கேபிள் டிவி வந்ததும் சினிமா கேசட்டுக்குக்கூட ஆள் குறைந்து, கேள்வி கேட்கவே ஒருவரும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. எனக்கு நந்தனத்தில் வேலை, அதே சந்தில் மொட்டை மாடி அறை. ஆபீஸ்காரர்கள் பயந்துபோய் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இத்தனை ஜனம் இருக்கிற பட்டணத்தில் பேச்சுத்துணைக்கு நாதியில்லையே என்று எனக்கு அழுகையே வந்தது. எடுத்த கேசட் திரும்பி வராததால் மாமா மாடியேறி வந்தார்.

"கண்ணு இப்படி மஞ்சளா இருக்கே. எத்தனை நாள் படுக்கணுமாம்?"

"ஒரு மாசம் அசையக் கூடாதாம் மாமா."

"ஒரு மாசமா" என்றார். அனுதாபமாகத்தான் சொன்னார். ஆனால் உள்ளே பொங்கிய சந்தோஷத்தை அவரால் மறைக்க முடியவில்லை. அன்று சாயங்காலமே வீடியோ டெக்கைச் சைக்கிள் காரியரில் கட்டிக்கொண்டு வந்து, என் பழைய டிவியில் மாட்டிவிட்டார்.

பனிப் பிரதேசத்துத் தீவு ஒன்றில் தன்னந்தனியாக இருந்துகொண்டு காற்றையும் மழையையும் அளக்கிற ஒருவனைப் பற்றிய படம். வருஷத்துக்கு ஒருமுறைதான் கப்பல் வரும். படத்தை விவரிக்கிற இங்கிலீஷ்காரனை ஒரு வார்த்தை பேசவிடாமல் மாமாவே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். முடிந்ததும், "என்ன தோணித்து?" என்றார்.

"அந்த ஆள்கிட்ட தட்டு ஒண்ணுதான் இருக்கு மாமா. கப்பல்லேர்ந்து யாராவது வந்தா எதுல சாப்பிடுவாங்க?" என்றேன்.

இத்தனை வருஷமாகக் கேள்வியைத் தயாராக வைத்திருந்த மாமா, பதில் வந்தால் என்ன செய்வது என்று யோசித்தே வைக்கவில்லை. "வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் உப்பில்லாத மோர்சாதத்தோடு வந்தார். தட்டு இரண்டு கொண்டுவந்திருந்தார். "இந்த வயசுல எனக்கும் பத்தியம் நல்லதுதான்" என்றார். அதிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு படம், அப்புறம் மோர்சாதம், அப்புறம் வாக்குவாதம். பிரெஞ்சு ராணிக்காக அவர் பரிந்து பேச, நான் ஜனங்கள் பக்கம் நிற்க, கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து விலக்கிவிட வேண்டியதாயிற்று.

மாசம் முடிந்ததும் டாக்டர் கண்ணைப் பார்த்துவிட்டு, பூரண குணம், எல்லாம் சாப்பிடலாம், வேலைக்கும் போகலாம் என்றார். போனேன். மத்தியானம் எண்ணெய் வடிய வடிய இரண்டு வடை தின்றேன். சாயங்காலம் அடித்துப்பிடித்து பஸ் ஏறி வந்து, மாமா மாடிப்படி ஏறுவதற்குள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன்.