சமையலறைக்குச் சுதந்திரம் வாங்கித் தந்தவர்

உலகத்தில் எந்தத் தீவு இன்னும் யாருக்கு அடிமை என்று கேட்டால் பெரிய பெரிய ராஜதந்திரிகளும் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். கமிட்டி அண்ணை யோசிக்க மாட்டார். பிட்கேர்ன், டொகெலாவ், சென்ற் ஹெலீனா என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டுத்தான் இருமுவார். எஞ்சிய குடியேற்றங்களுக்குத் தன்னாட்சி பெற்றுக்கொடுக்க நியூயோர்க்கில் ஒரு சர்வதேசக் குழு இருந்தது. அதன் ஜெர்மன் கிளை எங்கள் சமையலறையில் இயங்கியது. உறுப்பினர் ஒருவர்.

83 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த ஆறு பேர், ஹம் நகர அகதி விடுதியில் ஒரே பானையில் சமைத்தோம். வேலை செய்ய அனுமதியில்லை. பக்கத்து ஊருக்குப் போகவும் கடதாசி வேண்டும். பின்னேரச் சோறுதான் எங்கள் ஒரே நிகழ்ச்சி. அண்ணைக்குச் சமைக்கத் தெரியாது, கோப்பை கழுவுவார். சாப்பிடும்போது தீவுகளைப் பற்றிப் பேசுவார். நாங்கள் கேட்பதில்லை. ஆட்கள் சுற்றியிருந்தால் அவருக்குப் போதும். எங்களில் ஊரிலிருந்து கடிதமே வராதவர் அவர் மட்டும்தான்.

1984 ஏப்ரல் 6ஆம் திகதி கொக்கோஸ் தீவுகளில் வாக்கெடுப்பு. தனிநாடா, விரும்பினால் விலகக்கூடிய சுதந்திர உறவா, ஆளும் அவுஸ்திரேலியாவுடனேயே இணைப்பா என்று மூன்று தெரிவுகள். சர்வதேசப் பார்வையாளர்களும் போயிருந்தார்கள். சனம் இணைப்புக்கே போட்டது. தனிநாடு கேட்டவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. அண்ணை சவரம் செய்வதை நிறுத்திவிட்டார்.

"என்னண்ணை, செத்த வீடோ?" என்றான் அறைத்தோழன் சிவம்.

"அந்தக் கொஞ்சப் பேரும் இனி ஆரோட இருந்து கதைப்பினம்? யோசிச்சுப் பாத்தனியே?"

அந்தத் துக்கம் ஆறுமுன்னரே எங்கள் பானையில் புளி கூடிவிட்டதென்று சண்டை வந்தது. அண்ணை எழும்பி நின்றார்.

"இது புளிப் பிரச்சினை இல்லை, தன்னாட்சிப் பிரச்சினை. வாக்கெடுப்பு வையுங்கோ!"

தனிப்பானை, சாமானை மட்டும் சேர்ந்து வாங்குவது, ஒரே பானை என்று மூன்று தெரிவுகள். தான் பார்வையாளர், வாக்களிப்பது முறையில்லை என்றார். பிரசாரம் செய்வது மட்டும் முறையாக இருந்தது. "ஒருத்தன்ர புளிக்கு மற்றவன் ஏன் அடிமையா இருக்கோணும்?" என்று அறை அறையாக முழங்கினார். ஐந்து வாக்கும் தனிப்பானைக்கு விழுந்தன. அண்ணை எங்கள் ஒவ்வொருவருக்கும் கண்கலங்கக் கைகொடுத்தார்.

மறுநாள் ஐந்து பேரும் அவரவர் பானையில் முறைவைத்துச் சமைத்து, அவரவர் தட்டோடு அறைக்குள் போனோம். தனக்குச் சமைக்கத் தெரியாது என்பது அப்போதுதான் அண்ணைக்கு நினைவு வந்திருக்க வேண்டும். நீள மேசையில் தனியே இருந்து பாணும் ஜாமும் சாப்பிட்டார். சிவம் ஒரு தட்டுச் சோறு நீட்டினான்.

"வேண்டாம். உதவி எண்டு சொல்லித்தான் எல்லாரும் உள்ளுக்கை வாறவங்கள்."

"அப்ப திரும்ப வாக்கெடுப்பு வைப்பம்."

"ஏலாது. மக்கள் தீர்ப்பு."

ஜாம் போத்தல்கள் காலியாகின. அண்ணையின் காற்சட்டை இடுப்பில் நிற்க மறுத்தது. கடைசியில் நான் போனேன்.

"அண்ணை, எனக்கும் உங்களுக்கும் ஒரு சுதந்திர உறவு வைச்சால் என்ன?"

அண்ணை நெடுநேரம் தாடியைச் சொறிந்தார்.

"ஆரும் எப்ப வேணுமெண்டாலும் விலகலாம். தெரியுந்தானே?"

"ஓம், தெரியும்."

"சரி, சோத்தைப் போடும்."

மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். டொகெலாவில் எத்தனை பவளத்தீவு என்று அன்றுதான் நான் காதுகொடுத்துக் கேட்டேன். அதன்பின் மூன்று வருடம் அந்த உறவு முறியவில்லை. 1987இல் அகதிகளைப் பார்க்கும் அரசாங்கக் கந்தோர் அவரை வேறு ஊருக்கு மாற்றியது. "நான் விலகேல்லைத் தம்பி, கந்தோர்தான் விலத்துது" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். பிறகு தகவல் இல்லை.

1989 நவம்பர் 7 முதல் 11 வரை, சர்வதேச மேற்பார்வையில் நமீபியா தன் விடுதலைக்காக வாக்களித்தது. ஒருகாலத்தில் ஜெர்மனியே ஆண்ட நாடு. நடுவில், 9ஆம் திகதி, பேர்லின் சுவர் திறந்தது. தெருவெல்லாம் கூச்சல், எந்த அலைவரிசையைத் திருப்பினாலும் சுவர்தான். அன்று இந்த நாட்டில் நமீபியாவை நினைத்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர் இருந்திருப்போம். வெவ்வேறு ஊர்களில், தனித்தனியே சாப்பிட்டுக்கொண்டு.