நானும் நாக்கும் நாற்காலியும்

இனி இந்த வீட்டில் ஒரு விஷயத்திலாவது நான் வைத்ததுதான் சட்டம் என்று அன்று காலை பல் தேய்க்கும்போது முடிவு செய்தேன். சத்தமாகத்தான் முடிவு செய்தேன். வாயில் நுரை இருந்ததால் வெளியே கேட்கவில்லை.

விஷயம் என் நாற்காலி. ஹால் மூலையில், ஜன்னலோரமாக, பழுப்பு நிறத்தில், ஒரு கை மட்டும் லேசாக ஆடிக்கொண்டு நிற்கும். கல்யாணத்துக்கு முன்னாலேயே நான் வாங்கியது. அந்த வகையில் வீட்டில் அது என் மனைவியைவிட சீனியர். ஆனால் சீனியாரிட்டி பார்க்கிற வீடா இது?

முந்தின நாள் சாப்பிடும்போதுதான் குண்டு விழுந்தது.

"ஏங்க, சனிக்கிழமை பழைய சாமான் எடுக்கிறவர் வர்றார். அந்த நாற்காலியைக் கொடுத்துடலாம்."

"எந்த நாற்காலி?"

"அசிங்கமா இருக்கிறது வீட்ல ஒண்ணுதானே இருக்கு?"

"அதுல நான்ல உட்கார்றேன்!"

"அதனாலதான் அப்படி ஆயிடுச்சோ என்னமோ. ஹால் மூச்சு விடணுங்க."

"ஹால் மூச்சு விட்டா நான் எங்க போய் விடுறது?"

"பால்கனியில."

ஹால் மூச்சு விடவேண்டும் என்று என் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தது செல்போன். அதில் ஒரு அம்மாள் தினமும் தோன்றி வீட்டை அழகாக்குவது எப்படி என்று பாடம் நடத்துவாள். அந்தப் பாடம் ஆரம்பித்ததிலிருந்து எங்கள் சுவர் மேகக் கலருக்கு மாறிவிட்டது. மேஜைமேல் ஒரு கண்ணாடிக் கிண்ணம், அதில் கூழாங்கல். எதற்கு என்று கேட்டேன். அழகுக்கு என்றாள். சோபாவில் குஷன் குஷனாக அடுக்கியிருந்தாள். ஒன்றை எடுத்து முதுகுக்கு வைத்தேன். பிடுங்கிக்கொண்டாள். அது முதுகுக்கு இல்லையாம், அழகுக்காம். இந்த வீட்டில் அழகுக்கு இல்லாமல் உபயோகத்துக்கு இருந்தது நானும் நாற்காலியும்தான். அதில் ஒருவரை அனுப்ப ஏற்பாடாகிவிட்டது.

அடுத்து அவன் வந்தான். ஆள் இல்லை, கேக் சுடுகிற மின்சார அடுப்பு 'அவன்' இருக்கிறதே, அதைச் சொல்கிறேன். அவன் வந்த பிறகு இவனை யார் மதிப்பார்கள்? அதே சமயம் பார்த்து டாக்டர் எனக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று சொல்லித் தொலைத்தார். இரண்டையும் சேர்த்து ஒரு கேக் கண்டுபிடித்தாள் என் மனைவி. சர்க்கரை கிடையாது. மைதா கிடையாது. ஓட்ஸ் உண்டு, பாதாம் மாவு உண்டு, இனிப்புக்கு மருந்துக்கடையில் விற்கிற ஏதோ ஒரு பொடி உண்டு. அதைத் தட்டில் வைத்துக் கொடுத்தாலும் பரவாயில்லை. கறுப்புக் கல்லில் செதுக்கிய பலகை ஒன்றில் வைத்துக் கொடுத்தாள். ஓரத்தில் ஒரு புதினா இலை.

"என்ன இது, சிலேட்டுல கேக்கு? வீட்டுப்பாடமா?"

"ஸ்டைலுங்க. பார்க்க அழகா இருந்தா பாதி ருசி வந்துடும்."

"ருசி தட்டுலயா இருக்கு? நாக்குல இருக்கு!"

இதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. நான் தேயிலைக் கம்பெனியில் ருசி பார்க்கிறவன். வரிசையாகக் கிண்ணங்கள் வைத்திருப்பார்கள். கரண்டியில் எடுத்து சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டு, "இதுல காம்பு ஜாஸ்தி", "இது மழையில நனைஞ்ச இலை" என்று சொல்லிக்கொண்டே போவேன். நான் துப்புகிறதை நம்பித்தான் ஊரே வாங்கிக் குடிக்கிறது. என் நாக்கை ஏமாற்ற ஒருத்தன் இனிமேல்தான் பிறக்கவேண்டும் என்று மேனேஜரே சொல்லியிருக்கிறார்.

அப்பேர்ப்பட்ட நாக்கில் மனைவியின் கேக்கை வைத்தேன். மரத்தூள். பின்னால் லேசாக இருமல் மருந்து வாடை. சொன்னேன். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

அவள் சண்டை போடாமல் புதினா இலையை நேராக்கிவிட்டுப் பலகையை உள்ளே எடுத்துப் போனாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இப்போது நாற்காலியின் ரகசியத்துக்கு வருகிறேன். தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள். நாற்காலிக்கு அடியில் தைத்திருந்த கறுப்புத் துணி ஒரு பக்கம் பிரிந்திருந்தது. கையை விட்டால் ஸ்பிரிங்குகளுக்கு நடுவே ஒரு பொட்டலம் வைக்க அம்சமான இடம். வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டு வரும்போது முனை பேக்கரியில் வெண்ணெய் கேக் வாங்குவேன். மெழுகுத்தாளில் சுற்றித் தருவார்கள். சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்து நாற்காலியின் வயிற்றில் செருகிவிடுவேன். தினமும் மனைவி குளிக்கப் போகும் நேரத்தில் ஒரு துண்டு. கண் குளியலறைக் கதவில் இருக்கும், கை நாற்காலிக்கு அடியில் இருக்கும், வாய் மட்டும் சொர்க்கத்தில் இருக்கும்.

ஆரம்பத்தில் எறும்புதான் பெரிய தொல்லை. ஊர்வலமாக வந்து நாற்காலிக் காலில் ஏறும். மனைவி பார்ப்பதற்குள் துடைப்பத்தால் தட்டிவிடுவேன். பிறகு என்ன தோன்றியதோ, அவை வருவதையே நிறுத்திவிட்டன. நல்ல மனசுக்காரனுக்கு எறும்புகூட உதவி செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். போன தடவை டாக்டர் பரிசோதித்துவிட்டு சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது என்று கையைக் குலுக்கினார். தினம் கேக் தின்றும் இறங்குகிறது என்றால் என் உடம்பு தனி ரகம் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆக, நாற்காலி போனால் என் வாழ்க்கையில் மிச்சமிருந்த ஒரே சுகமும் போகும். ஆனால் அதை வெளியே சொல்லி வாதாட முடியுமா? பக்கத்து வீட்டுப் பல் டாக்டரிடம் யோசனை கேட்டேன். அவரும் கல்யாணம் ஆனவர். நம்பலாம்.

"பழசுன்னு சொன்னா தூக்கிப் போடுவாங்க சார். 'விண்டேஜ்'னு சொல்லிப் பாருங்க."

"அப்படின்னா?"

"பழசுதான். ஆனா விலை கூட."

"நம்புவாளா?"

"என் கிளினிக்ல ஒரு பழைய ஸ்டூல் இருக்கு. கால் ஆடும். விண்டேஜ்னு சொன்னேன். இப்போ பேஷன்ட்டு எல்லாம் அது பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிறாங்க."

அன்று மாலை நாற்காலி முன்னால் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெருமூச்சு விட்டேன்.

"என்னங்க ஆச்சு? இடுப்பு பிடிச்சுக்கிச்சா?"

"இல்லம்மா. இந்த நாற்காலியைப் பார்த்துக்கிட்டிருந்தேன். எப்பேர்ப்பட்ட விண்டேஜ்! மேகக் கலர் சுவருக்கு முன்னாடி இப்படி ஒரு பழுப்பு இருந்தாத்தான் ஹாலுக்கே ஒரு... ஒரு..."

"ஒரு?"

"ஒரு மூச்சு."

மனைவி என்னைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். கன்னத்தில் விரலை வைத்து யோசித்தாள்.

"நீங்க சொல்றதும் சரிதாங்க. இருக்கட்டும்."

எனக்குக் காதை நம்ப முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னது சரி என்று அவள் சொன்னதில்லை. நெஞ்சை நிமிர்த்தினேன். நிமிர்த்தின நெஞ்சு அடுத்த வாக்கியத்தில் உள்ளே போய்விட்டது.

"புதுத் துணி மட்டும் போட்டுடலாம். நாளைக்கே குஷன்காரரை வரச்சொல்றேன். அடித்துணியைப் பிரிச்சு, ஸ்பிரிங் எல்லாம் பார்த்து, சுத்தமா பண்ணிடுவார்."

"அடித்துணி எதுக்கும்மா? அதை யாரு குனிஞ்சு பார்க்கப் போறா?"

"அழகுன்னா உள்ளேயும் அழகா இருக்கணுங்க."

அன்றுதான் புதுப் பொட்டலம் வைத்திருந்தேன். எடுத்துவிடலாம் என்று குனிந்தேன். "என்ன தேடுறீங்க?" என்றாள். செருப்பு என்றேன். காலில் இருக்கிறது என்றாள். மறுநாள் காலை அவள் குளிக்கப் போவாள், எடுத்துவிடலாம் என்று காத்திருந்தேன். விடிந்து எழுந்தால் குளித்து முடித்து, தலையில் துண்டு சுற்றிக்கொண்டு, நாற்காலிக்கு எதிரிலேயே உட்கார்ந்து கூழாங்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "கடைக்குப் போய் பால் வாங்கிட்டு வாயேன்" என்றேன். "நீங்க போங்க" என்றாள். போனேன். வேறு என்ன செய்வது?

திரும்பி வந்தபோது குஷன்காரர் வந்துவிட்டார். விண்டேஜ் வைபவத்தைப் பார்க்கப் பல் டாக்டரும் வந்து சோபாவின் ஓரத்தில், குஷன்களுக்குப் பயந்து ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். குஷன்காரர் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். டர்ர்ர் என்று துணி கிழிந்தது. தொப்பென்று ஏதோ விழுந்தது.

"அம்மா, உள்ள ஒரு பொட்டலம் இருக்கு. பேக்கரி பேரு போட்டிருக்கு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பல் டாக்டர் மட்டும் கூரையைப் பார்த்தார்.

"என்னங்க இது?" என்றாள் மனைவி மெதுவாக.

எலியாக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எலி மெழுகுத்தாளில் சுற்றாது. மாட்டிக்கொண்டோம், இனி ஆண்பிள்ளையாகவாவது மாட்டிக்கொள்வோம் என்று தோன்றியது.

"ஆமா! கேக்! நான்தான் வச்சேன்! தினம் தின்னேன்! என்ன இப்போ? மனுஷனுக்கு ஒரு சின்ன சந்தோஷம் வேண்டாமா? நீ சிலேட்டுல மரத்தூள் வச்சுக் குடுப்பே, நான் வாயில போட்டுக்கணுமா?"

கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். தான் செய்த நீளக் கேக்கைக் கறுப்புப் பலகையோடு கொண்டுவந்தாள். ஏற்கெனவே பாதி வெட்டியிருந்தது. புதினா இலையை மறக்கவில்லை.

"சரிங்க. ரெண்டையும் ருசி பார்த்துச் சொல்லுங்க. ஆபீஸ்ல சொல்ற மாதிரி."

என் தொழிலையே கூப்பிட்டுவிட்டாள். விடுவேனா? முதலில் பொட்டலத்தைப் பிரித்து ஒரு துண்டை எடுத்தேன். நாக்கில் உருட்டினேன். கண்ணை மூடினேன்.

"அடடா! வெண்ணெய். அசல் வெண்ணெய். பதமான சூடு. செஞ்சவர் கையில கலை இருக்கு. கைக்குத் தங்கக் காப்பே போடலாம்."

அடுத்து பலகையிலிருந்து ஒரு துணுக்கு. முகம் தானாகச் சுளித்தது.

"மரத்தூள். மருந்து வாடை. அடியில லேசாத் தீஞ்சிருக்கு. செஞ்சவங்களுக்கு மனசு அதுல இல்லை."

"நானும் பார்க்கலாமா?" என்று பல் டாக்டர் இரண்டிலும் ஒரு துணுக்கு எடுத்து மென்றார். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது சார்."

"நீங்க பல்லோட நிறுத்திக்கோங்க டாக்டர். நாக்கு என் டிபார்ட்மென்ட்."

குஷன்காரரைக் கேட்டேன். வாயில் ஆணி வைத்திருப்பதாகச் சைகை காட்டினார்.

மனைவி பொட்டலத்திலிருந்த கேக்கை எடுத்தாள். பலகையிலிருந்த பாதியின் வெட்டுவாயில் வைத்தாள். மேலே ஓடிய வெடிப்பு அந்தப் பாதியிலிருந்து இந்தப் பாதிக்குத் தொடர்ந்து ஓடியது. இரண்டு பக்கமும் பாதி பாதியாக இருந்த ஒரு பாதாம்பருப்பு முழுசானது.

ஹாலே மூச்சு விடவில்லை.

"எறும்பு வந்துச்சேங்க, அன்னைக்கே பார்த்துட்டேன்," என்றாள். "ஒவ்வொரு வாரமும் நீங்க தூங்கினதும் உங்க பொட்டலத்தை எடுத்துட்டு, அதே தாள்ல என் கேக்கைச் சுத்தி வச்சேன். அப்புறம் எறும்பு வரலை. சர்க்கரை இல்லைன்னு எறும்புக்குத் தெரிஞ்சுடுச்சு. உங்களுக்குத்தான்..."

வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. பல் டாக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கிளினிக் திறக்கவேண்டும் என்று எழுந்தார். அவர் சிரிப்பு மாடிப்படி முழுக்கக் கேட்டது.

"அப்போ சர்க்கரை இறங்கினது..."

"பின்னே? மேஜையில வச்சா தொட மாட்டேன்னீங்க. திருட்டுத்தனமா வச்சா ஒரு துண்டு மிச்சம் வைக்கலை. உங்களுக்கு ருசி நாக்குலயும் இல்லை, தட்டுலயும் இல்லைங்க. எனக்குத் தெரியாம திங்குறதுலதான் இருக்கு. நல்லா இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

தேயிலைக் கம்பெனியில் யாருக்கும் தெரியக்கூடாதே என்பதுதான் அப்போது என் ஒரே கவலை. குஷன்காரர் அடித்துணியை நெருக்கமாக ஆணியடித்து மூடினார். ஒரு விரல்கூட நுழையாது. மேலே மேகக் கலரில் புதுத் துணி. நாற்காலி ஜம்மென்று ஆகிவிட்டது. உட்காரப் போனேன். "அழுக்காயிடும்" என்றாள்.

பால்கனிக்குப் போய் நின்றேன். நின்ற பிறகுதான் ஒரு விஷயம் மண்டையில் உறைத்தது. திரும்பி ஓடிவந்தேன்.

"ஏம்மா, அப்போ நான் வாங்கின கேக்கெல்லாம் என்ன ஆச்சு?"

மனைவி புதினா இலையை வாயில் போட்டுக்கொண்டாள்.

"நல்லாத்தாங்க இருந்துச்சு. கொஞ்சம் இனிப்புதான் ஜாஸ்தி."