கதிரை முத்துலிங்கத்துக்கு, வெறும் முத்துலிங்கம்

மேல் ஒழுங்கை,
கட்டுகஸ்தோட்டை, கண்டி.
ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை.

கனடா தேசத்து லண்டன் நகரில் மகள் வீட்டில் எழுந்தருளியிருக்கும் மதிப்புக்குரிய திரு. இ. முத்துலிங்கம் அவர்களுக்கு, கண்டியிலிருந்து சித்தப்பா மகன் இ. முத்துலிங்கம் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் தங்கள் தம்பி மனைவி பிரேமிளாவும், என் முழங்கால் நீங்கலாக, சுகம். தாங்களும் மதினி யசோதாவும் மகள் நிரோஷினியும் அங்கே குளிரில் விறைக்காமல் நலமாயிருக்க, சிறுவயதில் நாம் இருவரும் ஒரே சூடத்தைக் கொளுத்தி ஆளுக்குப் பாதி வரம் கேட்ட அந்தப் பிள்ளையாரையே வேண்டுகிறேன். மரியாதை இத்துடன் முடிந்தது. இனி விஷயம். இதைத் தொலைபேசியில் சொல்லாமல் கடிதத்தில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அது பின்னால் வரும்.

தாங்கள் கண்டியை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. ஆனால் போன விஷயத்தைத் தாங்கள் கண்டிக்கு முறையாக அறிவிக்கவில்லை. விருந்து வைத்தீர்கள், மாலை போட்டுக்கொண்டீர்கள், வேனில் ஏறினீர்கள். விருந்துக்கு வந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்கள் எல்லாரும் என் வீட்டுக்கு வருகிறார்கள். கலியாணத்துக்கும் சாவுக்கும் கதிரை வாடகைக்குக் கொடுத்துப் பேரெடுத்தவர் தாங்கள். கந்தோரில் கோப்புகளுக்கு நடுவே இருந்து, ஒரு பேரும் எடுக்காமல் ஓய்வு பெற்றவன் நான். கடையைக் கைத்தொலைபேசி விற்பவன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனீர்கள், சரி. ஊரெல்லாம் போயிருந்த கதிரைகளை யார் திரும்ப வாங்குவது என்று ஒரு வார்த்தை சொன்னீர்களா? யாருக்குக் கொடுத்தோம் என்று எழுதி வைக்கும் பழக்கமே தங்களுக்குக் கிடையாது. கேட்டால், "கதிரைக்கு நாலு கால் இருக்கு, நடந்து வந்துரும்" என்பீர்கள். நடந்து வந்தது. என் வீட்டுக்கு.

சித்திரையில் ஒரு காலை, மடவளையிலிருந்து ஷப்ராஸ் என்கிற லொறிக்காரன் ஒழுங்கையின் வாயை அடைத்து வண்டியை நிறுத்திவிட்டு, "முத்துலிங்கம் அண்ணன், முத்துலிங்கம் அண்ணன்" என்று நாலு வீட்டுக்குக் கேட்கும்படி கூப்பிட்டான். சவரம் செய்துகொண்டிருந்த நான் பாதி முகத்தில் நுரையோடு ஓடினேன். ஏன் ஓடினேன் என்று கேட்க வேண்டாம். லொறி நிறையத் தங்கள் கதிரைகள். யாரோ மாமியின் வீட்டு விசேஷத்துக்குப் போனவை, விசேஷம் முடிந்து, குழந்தை பிறந்து, அது தவழத் தொடங்கிய பிறகு ஞாபகம் வந்து திரும்பி வருகின்றன. கதிரைக்காரர் கனடாவில் இருக்கிறார், நான் வேறு ஆள் என்றேன். அவன் கதிரையின் முதுகைத் திருப்பி, தாங்கள் பச்சைப் பெயிண்டால் எழுதிய 'இ.மு.' என்பதைப் பார்த்தான். பிறகு என் கேற்றில் இருக்கும் பெயர்ப்பலகையைப் பார்த்தான்.

"நீங்க முத்துலிங்கம் இல்லியா?"

"முத்துலிங்கம்தான். ஆனா கதிரை முத்துலிங்கம் இல்ல. வெறும் முத்துலிங்கம்."

"பேரும் அதுதான் ஈக்கி, எழுத்தும் அதுதான் ஈக்கி. இதுக்கு மேல கதிரை என்னத்த காட்டும் அண்ணன்? எறக்குறன், எனக்கு அடுத்த லோட் ஈக்கி" என்று இறக்கிவிட்டுப் போய்விட்டான்.

அன்று தொடங்கியது. ஆளுக்கு ஆள் கொண்டுவந்து வைக்கிறார்கள். முற்றத்தில் கதிரைகள் யன்னல் உயரத்துக்கு அடுக்கி நிற்கின்றன. தண்ணீர்க் குழாயடிக்குப் போவதென்றால் நான் ஒருக்களித்து நடக்க வேண்டியிருக்கிறது. பிரேமிளா ஓர் அடுக்கில் மிளகாய் காயப்போடுகிறாள். இன்னோர் அடுக்கின் உச்சியில் பூனை குட்டி போட்டிருக்கிறது, அதைக் கலைக்கக்கூடாதாம். மழை பெய்தால் ஒவ்வொரு கதிரையும் தன் மடியில் கொஞ்சம் தண்ணீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஊரே வந்து உட்காரக்கூடிய வீடு, உட்கார்ந்திருப்பது நான் ஒருவன்.

அடுத்தது தாங்கள் போன ஊர். உலகத்தில் ஏற்கெனவே ஒரு லண்டன் இருக்கும்போது இன்னொரு லண்டனுக்குப் போய்க் குடியேறுகிற ஆளைத் தங்களைத் தவிர நான் கண்டதில்லை. இங்கே எல்லாரும் தாங்கள் இங்கிலாந்தில் இருப்பதாக நினைக்கிறார்கள். கோயில் சபைச் செயலாளர் கஜேந்திரன், "உங்க அண்ணன் அரண்மனைப் பக்கமாவா இருக்காரு?" என்று கேட்டார். படித்தவன் என்ற முறையில், அது அந்த லண்டன் இல்லை, கனடாவில் வேறொரு லண்டன் இருக்கிறது, அங்கேயும் தேம்ஸ் என்று ஓர் ஆறு ஓடுகிறது என்று விளக்கினேன். அவர் பக்கத்தில் நின்ற மோகனராஜைப் பார்த்து, "பொறாம மனுசன என்ன பாடு படுத்துது பாத்தீங்களா, புதுசா ஒரு லண்டனே கட்டிட்டாரு, ஆறு வேற வெட்டி வுட்டிருக்காரு" என்றார். இதை நான் மறக்கப்போவதில்லை.

ஆனால் ஒன்று. நாம் வளர்ந்த நாவலப்பிட்டியைச் சுற்றி மலையெல்லாம் வெள்ளைக்காரன் தன் ஊர்ப் பெயர்களைத் தோட்டங்களுக்கு வைத்துவிட்டுப் போனானே, அதை அந்த வயதில் திமிர் என்று நினைத்தேன். இப்போது மழை விடாத பின்னேரங்களில் அந்தக் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போது, அவனும் மலையில் தனியாக நின்று யாரையோ கூப்பிட்டுப் பார்த்திருக்கிறான் என்று தோன்றுகிறது. பெயரை வைத்தால் ஊர் வந்துவிடுமா? கனடாக்காரனுக்கும் வந்திருக்காது. விஷயத்தை விட்டுவிட்டேன்.

ஆடிப்பூரத்தன்று கோயிலில் உன் உபயம். ஆள் போனாலும் உபயம் நிற்கக்கூடாது என்று ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறாய், நல்லது. பூசை முடிந்ததும் ஐயர், மரியாதையாகக் கொடுக்கும் காளாஞ்சித் தட்டை, தேங்காய் வெற்றிலை மாலையோடு உயர்த்திப் பிடித்து, "உபயகாரர் முத்துலிங்கம்" என்று கூப்பிட்டார். மேளம் நின்றிருந்த நேரம். கோயில் முழுக்க அந்தப் பெயர்தான் கேட்டது. எனக்குத் தெரியும் அது நான் இல்லையென்று. என் காலுக்குத் தெரியவில்லை. பாதி வழி போய்விட்டேன், வேட்டியைக்கூடச் சரிசெய்துவிட்டேன். கஜேந்திரன் குறுக்கே கையை நீட்டி, "நீங்க இல்லீங்க, உங்க அண்ணன்" என்றார். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். உன் சார்பில் மோகனராஜ் போய் வாங்கிக்கொண்டார். அவர் உனக்கு என்ன உறவு? பக்கத்துக் கடை. அந்தத் தேங்காயை அவர்கள் வீட்டில் சம்பலுக்குத் துருவினார்கள் என்று பிறகு அறிந்தேன்.

அந்த வாரமே இரத்த அழுத்தம் ஏறிவிட்டது. தனியார் வைத்தியசாலை ஒன்றில் இலக்கம் எடுக்கப் போனோம். கவுண்டரில் இருந்த பிள்ளை பிரேமிளாவிடம் நோயாளியின் பெயரைக் கேட்டது. இவள் "இவங்கதான்" என்று என்னைக் காட்டினாள். பெயர் என்னம்மா என்று திரும்பக் கேட்டது. "கனடாவுல இருக்காரே இவங்க அண்ணன், அவரு பேருதான்" என்கிறாள். அந்தப் பிள்ளைக்குக் கனடாவில் யாரைத் தெரியும்? இன்றைக்காவது என் பெயரைச் சொல்லிவிடுகிறாளா பார்ப்போம் என்று உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கைப்பையிலிருந்து என் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். அந்தப் பிள்ளை அதைப் பார்த்து, இடம் போதாதென்று, லிங்கம் என்று எழுதிக்கொண்டது. கந்தோரிலும் சிங்களவர்களுக்கு நான் லிங்கம் மாத்தயாதான். கொழும்பிலிருக்கும் மகள் சுதர்சினிக்கு அப்பா. ஒழுங்கைக்குக் கடைசி வீட்டுக்காரர்.

நம்ம வீட்டுக் கதைதான் உனக்குத் தெரியுமே. மூத்த மகனுக்குத் தாத்தா பெயர் வைக்க வேண்டும். உன் அப்பாவுக்கு நீ மூத்தவன், என் அப்பாவுக்கு நான். பிறந்தது ஒரே மாதம், அதிலும் நீ முந்திக்கொண்டாய். பெரியப்பா இராமநாதனும் விட்டுக்கொடுக்கவில்லை, என் அப்பா இராஜரத்தினமும் விட்டுக்கொடுக்கவில்லை, ஒரே வீட்டுக்குள்ளே முதலெழுத்துகூட மாறாமல் இரண்டு முத்துலிங்கம். வைத்தது மட்டும்தான். கூப்பிட ஆள் இல்லை. மாமனார் பெயரை வாயால் சொல்லக்கூடாதென்று உன் அம்மாவும் சொல்லவில்லை, என் அம்மாவும் சொல்லவில்லை. நீ பெரியவன், நான் சின்னவன். என் அம்மா கண்ணை மூடும்வரை ஒருதரம்கூட என் பெயரைச் சொன்னதில்லை. கடைசியாக என்னைப் பார்த்துச் சொன்னதும் "சின்னவனே, மழ வருது"தான்.

பள்ளிக்கூடத்திலே கூப்பிட்டார்கள், ஆனால் அங்கே நீ எழுந்து நின்றாய். கட்டுரைப் போட்டியில் எனக்குக் கிடைத்த சாப்பாட்டுப் பெட்டியை மேடையேறி வாங்கினது யார்? அதையும் மறக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, நாவலப்பிட்டி ஸ்டேஷன் மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் நீ நிற்பாய், இந்தப் பக்கம் நான். நீ "முத்துலிங்கம்" என்று கத்துவாய். நானும் "முத்துலிங்கம்" என்று கத்துவேன். கீழே ரெயிலுக்கு நின்றவர்கள், இரண்டு பையன்கள் யாரோ காணாமல் போன மூன்றாவது பையனைத் தேடுகிறார்கள் என்று நினைத்தார்கள், அதில் ஒரு கிழவர் தானும் சேர்ந்து "முத்துலிங்கம்" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார், ஞாபகம் இருக்கா? அன்றைக்குச் சிரித்த சிரிப்புக்கு இரண்டு பேருக்கும் வீட்டில் அடி. வளர்ந்து கண்டிக்கு வந்த பிறகும் நீ கடைவாசலில் நின்று கூப்பிடுவாய், நான் கந்தோர் விட்டுப் போகும்போது, முழுப் பெயரும். கண்டிச் சனமெல்லாம் திரும்பிப் பார்க்கும். நான் திரும்பாமல் போவேன். கோபக்காரன்போல்தான் போவேன். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் காதிலே இருக்கும்.

உன்னை அண்ணன் என்று கூப்பிடச் சொல்லி வீட்டில் எவ்வளவு அடித்தார்கள், கூப்பிட்டேனா? பெயர்தான் சொன்னேன். நீயும் என்னைத் தம்பி என்று சொன்னதில்லை. ஊரை விட்டுப் போகிற அன்று, வேன் கதவைப் பிடித்துக்கொண்டு ஆளாளுக்குப் பெயர் சொல்லி விடைபெறுகிறாய். கஜேந்திரன், வர்றேன். மோகனராஜ், வர்றேன். என்னிடம் வந்தாய், தோளில் கையை வைத்தாய், "வர்றேன் தம்பி" என்றாய். எங்கே படித்தாய் இதை? யார் சொல்லிக்கொடுத்தது? வேன் போன பிறகும் நான் அங்கேயே நிற்கிறேன், மதினியின் தங்கச்சி நான் அழுகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து தருகிறாள். நான் கோபத்தில் நின்றேன். அதை அவளுக்கு எழுதித் தெரிவிக்கவும். போன ஞாயிறும் வட்ஸ்அப்பில் எடுத்தாய். திரையில் முத்துலிங்கம் என்று வருகிறது. காதில் வைத்தால், "என்ன தம்பி, சாப்டியா?" கைத்தொலைபேசிக்குத் தெரிகிற பெயர் உனக்குத் தெரியவில்லை. கடிதம் எழுதுவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே தாங்கள் உடனடியாக, தாங்கள் கனடாவில் நிரந்தரமாக இருக்கிறீர்கள் என்றும், இந்த ஒழுங்கையில் இருக்கும் முத்துலிங்கத்துக்கும் கதிரைகளுக்கும் சம்பந்தமில்லை என்றும் எல்லாருக்கும் ஓர் அறிவித்தல் அனுப்ப வேண்டும். கதிரைகளை எடுத்துப்போக இம்மாத முடிவுக்குள் ஆள் அனுப்ப வேண்டும். காளாஞ்சியை யார் வாங்குவது என்பதைக் கஜேந்திரனுக்குத் தெளிவாக எழுத வேண்டும். மோகனராஜ் என்றால் அதையும் எழுதிவிடுங்கள், தாங்கிக்கொள்வேன். தவறினால் கதிரைகளை ஒழுங்கையில் இறக்கிவிட்டு, என் பெயர்ப்பலகையையும் கழற்றிவிடுவேன் என்பதைத் தாழ்மையுடன் அறியத்தருகிறேன்.

மதினிக்கு என் வணக்கம். நிரோஷினிக்கு ஆசி. அங்கே ஓடுகிற அந்த இரண்டாவது தேம்ஸ் நதிக்கும் என் அன்பைச் சொல்லவும். பாவம், அது என்ன செய்யும்.

இப்படிக்கு,
தங்கள் பெயரையே தானும் வைத்திருக்கும்,
இ. முத்துலிங்கம்

பி.கு.: உறையை ஒட்டுகிற நேரம் கேற்றில் "முத்துலிங்கம் அண்ணன்" என்று ஒரு பெண்குரல். மடவளை அனீஸா. கூடவே மகள் நுஹா. நுஹாவுக்குக் கலியாணமாம். உன்னிடம் கதிரைக்கு வந்துபோனதெல்லாம் அனீஸாவின் கணவராம், இவர் உன் முகத்தைக் கண்டதில்லையாம்; கணவர் போன வருடம் மௌத்தாகிவிட்டார். "எங்கட கலியாணத்துக்கும் முத்துலிங்கம் அண்ணன்ட கதிரைதான். மகள்ட கலியாணத்துக்கும் அதேதான் போடணும்னு அவர் செல்லிட்டுத்தான் போனார்" என்றார். நான் வேறு முத்துலிங்கம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் நுஹா முற்றத்துக் கதிரை ஒன்றை இழுத்து, தண்ணீரைக் கவிழ்த்து, உம்மாவை உட்கார வைத்துவிட்டது. உட்கார்ந்தவரிடம் எப்படிச் சொல்வது?

அறிவித்தல் எதுவும் அனுப்பாதே. ஆளும் அனுப்பாதே. கதிரைகளைக் கழுவிக்கொண்டிருக்கிறேன், பச்சைப் பெயிண்டும் வாங்கிவிட்டேன். அடுத்த மாதம் கலியாணத்துக்கு ஷப்ராஸ் வந்து ஏற்றுகிறான். பூனையை மட்டும் பிரேமிளா கலைக்கவிடவில்லை. ஒன்றுதான் குறை: மாப்பிள்ளை பொம்பிளைக்குப் போடும் அந்தச் சிவப்புப் பட்டுக் கதிரை இரண்டையும் எங்கே வைத்தாய்? இது கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் எடுத்துச் சொல். தம்பி என்று தொடங்கினால் வைத்துவிடுவேன். வைத்தால், திரும்ப எடு.