கம்ப்ரஸர் ம் கொட்டுமா?

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுதியும் விட்டேன். அதில் எவ்வளவு உண்மை என்பதைக் கடைசி வரை படித்து நீயே முடிவு செய்துகொள். அண்ணியின் முழங்கால் வலி தேவலையா? இதைப் போனில் சொன்னால் என்ன என்பாய். போனில் பேசினால் இந்த வீட்டில் எல்லோருக்கும் கேட்கும். எல்லோரும் என்றால் யார் யார் என்பதில்தான் எனக்கு இப்போது சந்தேகம்.

முதலில் கம்ப்ரஸர் விஷயம். ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிற உனக்குத்தான் இது புரியும். மரத்தில் செதுக்கிய சின்னப் பறவைகளுக்கு நான் ஏர்பிரஷ்ஷால் வண்ணம் அடிப்பது உனக்குத் தெரியும். புறாவின் கழுத்தில் பச்சை எங்கே முடிகிறது, ஊதா எங்கே தொடங்குகிறது என்று தெரியக்கூடாது. அதற்குத் தூரிகை உதவாது, காற்றுதான் வேண்டும், காற்றுக்குக் கம்ப்ரஸர் வேண்டும். பாப்பா மத்தியானம் தூங்குகிற நேரம்தான் எனக்கென்று இருப்பது. முதலில் வாங்கிய கம்ப்ரஸர் கார் டயருக்குக் காற்றடிக்கிற ஜாதி. ஸ்விட்சைப் போட்டதும் பாப்பா வீறிட்டாள். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, மாவு மில் ஆரம்பிப்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று மிக மரியாதையாகக் கேட்டார். கம்பளியைச் சுற்றினேன், மோட்டார் சூடாகிக் கம்பளி பொசுங்கியது. குளியலறைக்குள் வைத்துக் குழாயைக் கதவுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன் (திட்டாதே). டேங்கில் காற்று குறைந்தால் அது தானாகவே ஓட ஆரம்பிக்கும் என்பதை மாமனாரிடம் சொல்ல மறந்துவிட்டேன். மாமா முகமெல்லாம் சோப்போடு, துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு ஓடி வந்த நேரத்தில், கீழ்வீட்டுக்காரர் அடுத்த புகாரோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். இருவரும் இன்று வரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அதன் பிறகுதான், சத்தமே வராது என்ற உத்தரவாதத்தோடு இப்போது இருக்கிற கம்ப்ரஸர் வந்தது. ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று கடைக்காரர் சொன்னார், பொய்யில்லை. ஒரு சின்ன முனகல், அவ்வளவுதான். அன்று மத்தியானம்தான் இந்த வீடு எனக்கு முதன்முதலாகக் காதில் விழுந்தது. பாப்பாவின் அறையிலிருந்து அவள் மழலை கேட்டது. சரி, விழித்துவிட்டாள், இன்னும் அழவில்லை, இந்தக் கழுத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்துவிட்டேன். ஒரு மூச்சுக்குப் பேசி நிறுத்தினாள். "ம்" என்று ஒரு சத்தம். மறுபடி பேசினாள், நிறுத்தினாள். "ம்." கதை கேட்கிறவர்கள் கொட்டுவார்களே, அந்த ம். அவசரமில்லாத, அப்புறம் என்ன ஆச்சு என்கிற ம். மாமாதான் பேத்தியைக் கொஞ்சுகிறார் என்று புறாவை அடுத்த பக்கம் திருப்பினேன். அப்போது வாசல் கதவைத் திறந்துகொண்டு, தைக்கக் கொடுத்திருந்த செருப்போடு, மாமா உள்ளே வருகிறார்.

ஓடினேன். பாப்பா தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். சிரித்த முகம். கழுத்தை அண்ணாந்து, பெரியவர்கள் முகம் இருக்குமே, அந்த உயரத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வீடு இல்லை, அண்ணா. மூன்றாவது மாடி. ஒரு காக்கை உட்காரக்கூட விளிம்பு கிடையாது.

இவரிடம் சொன்னேன். கம்ப்ரஸரின் பிரஷர் ஸ்விட்ச் போடுகிற சத்தம் என்றார்.

"பிளக்கைப் பிடுங்கின அப்புறமும் கேட்டுதுங்க."

"டேங்குல காத்து இருக்கும்ல. அது கசியுது."

"கசியற காத்து, பாப்பா பேசி முடிக்கற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமா?"

யோசித்தார். போனைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். "நீ சரியாத் தூங்கறதே இல்லம்மா" என்றார்.

மாமா ஒரு நாள் தொட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு காவல் இருந்தார். அவர் விட்ட குறட்டையில் பழைய கம்ப்ரஸரே தோற்றுவிடும். எழுந்து, ஒரு சத்தமும் இல்லையே என்று தீர்ப்பு சொன்னார். ஆனால் பாப்பாவின் பேச்சு நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போகிறது. இப்போது என்னிடம் பேசும்போதும் நடுவில் நிறுத்தி இடம் விடுகிறாள். நான் பேசாமல் இருந்தால் என் தோளுக்கு மேலே பார்க்கிறாள்.

இதன் முடிவு என்ன தெரியுமா? என்னைத் தவிர மற்ற எல்லோரும் பேசி, ஞாயிற்றுக்கிழமை பாப்பாவை என் நாத்தனார் வீட்டுக்கு அனுப்புவது என்று ஆகிவிட்டது. ஒரு மாதம். எனக்கு ஓய்வாம். ஏர்பிரஷ் பரண் மேல் ஏறிவிட வேண்டுமாம், பெயின்ட் வாசனைதான் மண்டைக்குள் போய் இப்படிப் பேச வைக்கிறதாம். பால் மறக்காத குழந்தை, அண்ணா. என்னை யாரும் கேட்கவில்லை. நான் வேண்டாம் என்று சொன்னது யார் காதிலும் விழவும் இல்லை.

ஆகையால் உன்னிடம் ஒரு உதவி. ஃபிரிட்ஜ் மோட்டாரை டேங்கோடு இணைத்தால் அதைவிட அமைதியான கம்ப்ரஸர் கிடையாது என்று நீ ஒரு தடவை சொன்னாய். அப்படி ஒன்று செய்து எடுத்துக்கொண்டு சனிக்கிழமைக்குள் நீயே வா. முனகல், கசிவு, தானாக ஓடுவது எதுவும் கூடாது. இவரையும் மாமாவையும் உட்கார வைத்து அவர்கள் முன்னால் ஓட்டு. மோட்டாரின் நோவைக் காதாலேயே கண்டுபிடிக்கிறவன் நீ, நீ சொன்னால் கேட்பார்கள். அப்போதும் ம் கேட்டால், மெஷின் மேலும் குற்றமில்லை, என் மேலும் இல்லை. கேட்கவில்லையென்றால் எனக்குத்தான் உடம்பு சரியில்லை; வாயை மூடிக்கொண்டு பாப்பாவின் துணிகளை மடித்துக் கொடுத்துவிடுகிறேன்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்குப் பாப்பாவின் முத்தங்கள், அவற்றில் எச்சில் அதிகம் இருந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்.

உன் ஆசி வேண்டும்
தங்கை

பி.கு: எழுதியதை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், மெல்லிய குரலில்தான். பாப்பா என் மடியில் தூங்குகிறாள். கம்ப்ரஸர் அதன் பெட்டிக்குள் இருக்கிறது. முதல் பத்தி முடிந்ததும் அந்தக் குரல் "ம்" என்றது. எழுந்து ஓடியிருப்பேன், மடியில் குழந்தை. அதனால் படித்துக்கொண்டே போனேன். மாமா துண்டோடு ஓடி வந்த இடத்தில் அந்த ம் கொஞ்சம் நீளமாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை பாப்பாவை நாத்தனார் வீட்டுக்கு, என்று படித்தேன். "ம்ஹூம்" என்றது. சத்தமாக, கறாராக. அடுத்த அறையில் படுத்திருந்த இவர் தூக்கக் கலக்கத்தில், "சரி, சரி, கூட்டிட்டுப் போகல. கோவிச்சுக்காமப் படு" என்றார். நான்தான் சொன்னேன் என்று நினைத்துவிட்டார், நானும் திருத்தவில்லை.

ஆகவே கம்ப்ரஸர் வேண்டாம். நீயும் வர வேண்டாம். மேலே கேட்டிருப்பது எல்லாவற்றையும் மறந்துவிடு. அது யார் என்று மட்டும் கேட்டு எழுதிவிடாதே, அண்ணா. உன் பதிலையும் நான் வாய்விட்டுத்தான் படிப்பேன்.