போண்டா மாஸ்டரின் மூஞ்சி

திண்டுக்கல்லில் அவலட்சணத்துக்கு எலெக்சன் வைத்திருந்தால் எங்கள் போண்டா மாஸ்டர் போட்டியே இல்லாமல் ஜெயித்திருப்பார். அம்மைத் தழும்பு, ஒன்றரைக் கண், உதட்டுக்குள் அடங்காத பல்லு. நானோ அப்போது ராஜா மாதிரி இருப்பேன். மூணாங்கிளாஸோடு படிப்பை விட்டு, எச்சில் இலை எடுத்து, முப்பது வயசுக்குள் சொந்த ஹோட்டல் போட்டவன். கல்லாவில் என் முகத்தைப் பார்க்கவே பாதிக் கூட்டம் வரும்.

அந்த மாஸ்டர் தினமும் கன்னத்தில் மையால் திருஷ்டிப் பொட்டு வைத்துக்கொண்டு வருவார்.

“இந்த மூஞ்சிக்கு எவன் மாஸ்டர் கண்ணு வைக்கப் போறான்?”

“பெரியாளுக வைக்க மாட்டாக முதலாளி. பச்சப் புள்ளைகதான் விடாமப் பாக்குதுக. அதான் பயமா இருக்கு.”

அது நிஜம். அதுதான் என் வயித்தெரிச்சல். கடை வாசலில் நிலக்கோட்டை பஸ்ஸுக்கு நிற்கிற பொம்பளைகள் இடுப்பிலிருந்து குழந்தைகள் என்னைத் தாண்டி அடுப்படியை எட்டிப் பார்க்கும். அவரைக் கண்டதும் கெக்கெக்கே என்று சிரிக்கும். ஊரான் பிள்ளைகள்தானே என்று பொறுத்துக்கொண்டேன். என் எட்டு மாசத்து மகளும் அந்தக் கட்சியில் சேர்ந்தாள். மத்தியானம் வீட்டுக்காரி கடைக்குத் தூக்கி வருவாள். நான் வாங்கினால் வீல். மாஸ்டர் வாங்கினால் அந்தப் பல்லைப் பிடித்து விளையாட்டு.

சூட்சுமம் பொட்டில் இருக்கிறது என்று முடிவுகட்டினேன். மறுநாள் நானும் ஒன்று வைத்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தேன். தினமும் டீக்கு வரும் தோல்மண்டி பாய், “முதலாளி, கன்னத்துல அடுப்புக்கரி” என்று துண்டால் துடைத்துவிட்டுப் போனார். இன்னும் பெரிசாக வைத்தேன். அதைப் பார்த்த மகள் மூச்சுப் பிடித்து அழுதாள்.

“மாஸ்டரு புள்ள மூஞ்சியப் பாக்குறாரு,” என்றாள் வீட்டுக்காரி. “நீங்க அதத் தூக்கி வச்சுக்கிட்டு கண்ணாடியப் பாக்குறீக. அதுக்கு நீங்க யாரோ.”

அடுப்படியில் அது கேட்டிருக்கும். மறுநாளே மாஸ்டர் பல்வலி என்று சொந்த ஊர் எரியோட்டுக்குப் போய்விட்டார். கிளம்பும்போது எந்தப் பல்லு என்று கேட்டதற்கு, பிடித்திருந்த கன்னத்தை விட்டு மறு கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

பிள்ளை நாலு நாள் அடுப்படியைத் தேடி அழுதாள். அப்புறம் வேறு மூஞ்சி கிடைக்காமல் என்னைப் பார்த்தாள். நானும் அவளையே பார்த்தேன். பத்தாம் நாள் சிரித்தாள். ஊரையே விலைக்கு வாங்கிய மாதிரி இருந்தது எனக்கு.

அன்றைக்கே மாஸ்டர் திரும்பி வந்தார். பிள்ளை கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று சுவரைப் பார்த்து நின்றுகொண்டு மாவு பிசைந்தார்.

மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

“செத்த திரும்புங்க மாஸ்டர். பிள்ளை தேடுது.”

பிள்ளைதான் தேடியது என்று இத்தனை வருஷமும் சொல்லி வந்திருக்கிறேன்.