நூற்றுக்கு நூற்றுப்பத்து

கண்ணொளியாரைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் இரண்டே வகை: நேற்றுப் பிறந்தவர்கள், முந்தாநாள் செத்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், அவர் வாசல் வரிசை தெருமுனையைத் தாண்டும். கண் மங்கியவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி நிற்பார்கள். கறுப்புக் கண்ணாடியும் பட்டுச் சால்வையுமாக அவர் எழுந்தருளுவார். இடது கைக்கு ஒரு கயிறு, வலது கைக்கு ஒரு மோதிரம். இரண்டும் இலவசம், காணிக்கை மட்டும் தனி.

கூடத்தில் ஒரு பெரிய பலகை: "நூறு சீடர்களில், கயிற்றால் பார்வை பெற்றோர் அறுபது. மோதிரத்தால் பெற்றோர் ஐம்பது. இரண்டும் அணிந்தால் நூற்றுக்கு நூற்றுப்பத்து உறுதி." மிச்சப் பத்தை யார் கண்ணில் வைப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. பட்டுச் சால்வைக்கு முன்னால் கணக்கும் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதானே.

கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவருக்கு இரண்டு கண்ணும் மங்கிக்கொண்டே வந்தது. திங்கட்கிழமை ஆபரேஷன், தள்ளிப்போட்டால் இருக்கிற வெளிச்சமும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மனைவி அவரைக் கூடத்துக்கு இழுத்து வந்துவிட்டாள். விஷயம் தெரிந்து அவளுடைய அக்கா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"டாக்டர் நூத்துக்குத் தொண்ணூறுதான் சொல்றாருக்கா. இவரு நூத்திப்பத்து. எது பெருசுன்னு நீயே சொல்லு."

"நூறைத் தாண்டினாலே உனக்குச் சந்தேகம் வரலையாடி?"

"சாமி கணக்குல மூக்கை நுழைக்காதே."

மூக்கை நுழைப்பதுதான் அக்காவின் பிழைப்பு. சட்டைத் தொழிற்சாலையில் கறைக்குச் சிவப்பு ஸ்டிக்கர், பட்டன் இல்லாததற்கு நீல ஸ்டிக்கர் ஒட்டுவாள். சேர்ந்த முதல் நாள் ஸ்டிக்கர்களை எண்ணி, 'அறுபது சட்டையில் எழுபது கெட்டது' என்று எழுதிக் கொடுத்தாள். இரண்டு குறையும் உள்ள சட்டைகளை இரண்டு முறை எண்ணியிருந்தாள். மேற்பார்வையாளர் அன்று சிரித்த சிரிப்பு இன்னும் அவள் காதில் இருக்கிறது.

அவள் எழுந்தாள். "அய்யா, பலன் கண்டவங்களை நாங்களும் பார்க்கலாமா?"

கண்ணொளியார் பூரித்துப் போனார். சும்மா வரும் விளம்பரத்தை யார் வேண்டாம் என்பார்? நூறு சீடர்களும் எதிரிலேயே இருந்தார்கள்.

"கயித்தால பார்வை வந்தவங்க இடது கையைத் தூக்குங்க." அறுபது கைகள். "இறக்காதீங்க. மோதிரத்தால வந்தவங்க வலது கையைத் தூக்குங்க." ஐம்பது கைகள்.

பலகை பொய் சொல்லவில்லை. ஆனால் ஐம்பது பேர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, கொள்ளைக்காரனிடம் மாட்டியவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். உண்மையும் அதுதான்.

"கை நூத்திப்பத்து. இப்ப ஆளை எண்ணுடி."

தங்கை எண்ணினாள். குரல் இறங்கிவிட்டது. "அறுபதுதான்க்கா. நாப்பது பேரு கையே தூக்கலை."

"சின்ன சைசு சட்டை இத்தனை, பெரிய சைசு இத்தனைன்னா கூட்டலாம். ஒரே சட்டை ரெண்டு சைசுல இருக்காது. கயிறும் மோதிரமும் ஒரே ஆள் கையில இருந்தா, அந்த ஆளை ஒரு தடவைதான் எண்ணணும்."

"அறுபது பேருக்குப் பார்வை வந்தது பொய்யா, அம்மா?" என்றார் கண்ணொளியார்.

"அதையும் பார்த்துடுவோம். கை தூக்கினவங்கள்ல ஆபரேஷனும் பண்ணிக்கிட்டவங்க எழுந்து நில்லுங்க."

முதலில் ஒருவர். பிறகு பத்துப் பேர். கடைசியில் அறுபது பேரும் நின்றார்கள், ஒருவரையொருவர் பார்க்காமல். கை தூக்காத நாற்பது பேரில் ஒரு கிழவர் மெதுவாகச் சொன்னார்: "கயிறுதான் இருக்கேன்னு நான் டாக்டர்கிட்ட போகவே இல்லைம்மா. இப்ப ஒண்ணும் தெரியலை."

அந்த நேரம் பார்த்து, உள்ளே கயிறு முறுக்கிக்கொண்டிருந்த கண்ணொளியாரின் மைத்துனர் சின்னக் குப்பியோடு ஓடி வந்தார்.

"மாமா, கண்ணாடியைக் கழட்டுங்க. சொட்டு மருந்து போடணும். ஆபரேஷன் பண்ணின டாக்டர் நேரம் தவறக் கூடாதுன்னாரே."

கண்ணொளியாரையும் சேர்த்து, அறுபத்தொன்று.

தங்கை புருஷனின் கையைப் பிடித்து எழுப்பினாள். "நாளைக்கு எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?" என்று கேட்டாள். "ஒன்பதுக்கு. நீ வராட்டியும் நான் போயிருப்பேன்," என்றார் அவர்.

இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னால் உடனே தூக்கிவிடுகிறோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு தலை இருப்பதுதான் நினைவுக்கு வருவதில்லை.